புது ரேஸ் கேம்ல எந்த டிராக் வரும்? ஒரு டாக்டரோட கணிப்பும் கொஞ்சம் வரலாறும்

1/
நைட் டியூட்டி முடிச்சு வந்து படுக்கலாம்னு போனை எடுத்தா, அக்கா மகன்கிட்ட இருந்து பதினோரு மெசேஜ். புதுசா ஒரு ரேஸ் கேம் வரப்போகுதாம். அதுல எந்தெந்த டிராக் இருக்கும்னு அவனும் அவன் காலேஜ் பசங்களும் லிஸ்ட் போட்டிருக்காங்க. "மாமா, உங்க கணிப்பு என்ன?"ன்னு கேட்டிருந்தான்.

2/
லிஸ்ட்ல முதல் மூணு இடம்: பழைய ஸ்பா, நூர்பர்க்ரிங்கோட நோர்ட்ஷ்லைஃப, சிக்கேன் இல்லாத லெ மான். கீழ ஒரு வரி: "இப்ப இருக்கற டிராக் எல்லாம் பார்க்கிங் மாதிரி இருக்கு மாமா. நல்ல டிராக்கை எல்லாம் யாரு இப்படிக் கெடுத்தாங்க?"

நல்ல கேள்வி. ஆனா பதில் ஒரு மெசேஜ்ல அடங்காது. அதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

3/
ரேஸ் பக்கம் போகாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். சிக்கேன்னா, நேரா போற பாதையில வேணும்னே வைக்கற இடது-வலது நெளிவு. வண்டி வேகத்தைக் குறைச்சே ஆகணும். ரன்-ஆஃப்னா, வளைவுக்கு வெளியில விடற காலி இடம். வண்டி தடம் மாறினா சுவத்துல மோதறதுக்கு முன்னாடி வேகம் குறையணும், அதுக்காக. கேம் ஆடறவங்க அதிகம் திட்டறது இந்த ரெண்டையும்தான்.

4/
முதல்ல கணிப்புக்கு அடிப்படை. ஒரு டிராக் கேமுக்குள்ள வரணும்னா ரெண்டு விஷயம் வேணும். ஒண்ணு, டிராக் வெச்சிருக்கறவங்களோட லைசன்ஸ். ரெண்டு, அளவு. இப்பல்லாம் லேசர் ஸ்கேனரைக் கொண்டுபோய் ரோட்டோட மேடு பள்ளத்தைக்கூட அளந்துடறாங்க. அதனால இன்னைக்கு ரேஸ் நடக்கற டிராக் வர்றது சுலபம். இல்லாமப் போன டிராக்கை ஸ்கேன் பண்ண முடியாது. பழைய வரைபடம், போட்டோ, ஃபிலிம் எல்லாத்தையும் பார்த்துத் திரும்பக் கட்டணும்.

5/
அப்படிக் கட்டின கேம் உண்டு. 1998-ல பாபிரஸ் கம்பெனி செஞ்ச 'கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ்'. 1967-ஆம் வருஷ ஃபார்முலா ஒன் சீசனை அப்படியே கம்ப்யூட்டர்ல கொண்டு வந்தாங்க. பழைய ஸ்பா, பழைய மோன்ஸா, பழைய சாண்ட்வோர்ட், நூர்பர்க்ரிங் எல்லாம் இருந்துச்சு. அந்த வருஷம் பிரெஞ்சு ரேஸ் நிஜமா நடந்தது லெ மானோட சின்ன டிராக்ல. கேம்ல அதுக்குப் பதிலா ரூவான் டிராக்கை வெச்சாங்க. அழகான டிராக் வேணும்ங்கற ஆசை அன்னைக்கே இருந்திருக்கு.

6/
நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப ஹாஸ்டல்ல இந்த கேமை ஆடியிருக்கேன். பழைய ஸ்பால முதல் நாள் ஒரு சுற்றுகூட முடிக்க முடியலை. அது யார் யாரோட ரத்தத்தைப் பார்த்த ரோடுன்னு அன்னைக்குத் தெரியாது. தெரிஞ்சதுக்கு அப்புறம் கேம் ஆடற விதமே மாறிப்போச்சு. அந்தக் கதைதான் இது. வாங்க, ஒவ்வொரு டிராக்கா பார்ப்போம்.

7/
ஸ்பா-ஃபிரான்கோர்ஷாம்ப், பெல்ஜியம். இன்னைக்கு 7 கிலோமீட்டர். பழைய டிராக் ஏறக்குறைய 14 கிலோமீட்டர், எல்லாம் ஊர்களுக்கு நடுவுல போற பொதுச்சாலை. ஓரத்துல தந்திக் கம்பம், மரம், வீடு, பண்ணைத் தொழுவம். அதுல மஸ்டான்னு ஒரு இடம். நீளமான நேர்ரோட்டுக்கு நடுவுல, வீடுகளை ஒட்டி, ஒரு சின்ன நெளிவு. தைரியம் இருந்தா ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுக்காம போகலாம்.

8/
1966 ஜூன் 12. ரேஸ் ஆரம்பிச்ச முதல் சுற்றுலேயே மழை. 14 கிலோமீட்டர் டிராக்ல ஒரு பக்கம் காய்ஞ்சிருக்கும், இன்னொரு பக்கம் கொட்டும். பல கார்கள் வழுக்கிப் போச்சு. ஜாக்கி ஸ்டூவர்ட்டோட பி.ஆர்.எம். கார் மஸ்டா பக்கம் ரோட்டை விட்டு வெளிய போய் நொறுங்கிச்சு. ஸ்டீயரிங் அவர் காலை அழுத்திப் பிடிச்சிருக்கு. டேங்க் கிழிஞ்சு பெட்ரோல் அவர் மேலயே கொட்டுது. ஒரு பொறி பட்டா முடிஞ்சது.

9/
காப்பாத்த வந்தது யாரு? டாக்டர் இல்லை, ஃபயர் சர்வீஸ் இல்லை. அவரை மாதிரியே வழுக்கி விழுந்த ரெண்டு டிரைவர்கள், கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுரான்ட்டும். ஸ்டீயரிங்கைக் கழட்ட ஸ்பேனர் இல்லை. வேடிக்கை பார்க்க வந்த ஒருத்தர்கிட்ட கடன் வாங்கித்தான் கழட்டினாங்க. வெளிய எடுக்க ஏறக்குறைய 25 நிமிஷம். அப்புறம் அவரை ஏத்திட்டுப் போன ஆம்புலன்ஸ் லியேஜ் நகரத்துக்கு வழி தெரியாம சுத்தியிருக்கு.

10/
கேஷுவால்டி டாக்டரா இதைப் படிக்கறப்ப எனக்கு வயித்தைப் பிசையும். காயம் ரெண்டாவது பிரச்னை. முதல் பிரச்னை, காயம் பட்டவர்கிட்ட உதவி வந்து சேர எடுத்த நேரம். ஸ்டூவர்ட் பிழைச்சார். அதுக்கப்புறம் அவர் ஸ்டீயரிங்ல ஒரு ஸ்பேனரை டேப் போட்டு ஒட்டி வெச்சுக்கிட்டுத்தான் வண்டி ஓட்டினார். ரேஸுக்கு சொந்தச் செலவுல டாக்டரைக் கூட்டிட்டு வந்தார். சீட் பெல்ட், தடுப்புக் கம்பி, மருத்துவ வசதின்னு கேட்க ஆரம்பிச்சார்.

11/
ரசிகர்கள் என்ன சொன்னாங்க தெரியுமா? கோழைன்னாங்க. ரேஸோட ரொமான்ஸைக் கெடுக்கறார்னாங்க. அவர் மூணு முறை உலக சாம்பியன், அப்பவும் சொன்னாங்க. டிரைவர்கள் பாதுகாப்பு இல்லைன்னு மறுத்ததால 1969-ல ஸ்பா ரேஸே நடக்கலை. 1970-தான் பழைய ஸ்பால கடைசி ஃபார்முலா ஒன். 1979-ல டிராக்கைப் பாதியா வெட்டினாங்க. மஸ்டா வெளிய போயிடுச்சு.

டேய் மருமகனே, உன் லிஸ்ட்ல ஒண்ணாம் நம்பர் "கெட்டது" இப்படித்தான்.

12/
அடுத்தது லெ மான். மல்ஸான் நேர்ரோடு, ஏறக்குறைய 6 கிலோமீட்டர். மத்த நாள்ல லாரி போற சாதாரண ரோடு. 1988-ல ஒரு பிரெஞ்சு கார் அங்க மணிக்கு 405 கிலோமீட்டர் தொட்டுச்சு. 1990-ல ரெண்டு சிக்கேன் வெச்சாங்க. காரணம், 2 கிலோமீட்டருக்கு மேல நேர்ரோடு இருக்கக் கூடாதுன்னு சர்வதேச அமைப்பான எஃப்.ஐ.ஏ. சொன்னது. கிரான் டூரிஸ்மோ வரிசையில சிக்கேன் இருக்கற வடிவம், இல்லாத வடிவம் ரெண்டையும் கொடுத்திருக்காங்க. பசங்க எதை எடுப்பாங்கன்னு சொல்ல வேண்டியதில்லை.

13/
ஆனா லெ மானோட பெரிய ரணம் அந்த நேர்ரோட்டுல இல்லை. 1955 ஜூன் 11. பிட் பகுதிக்கு எதிர்ல, பியர் லெவெக் ஓட்டின மெர்சிடிஸ் முன்னாடி போன கார் மேல ஏறி, கூட்டத்துக்குப் பக்கத்துல மோதிச் சிதறிச்சு. எஞ்சினும் மத்த பாகங்களும் பார்வையாளர்களுக்குள்ள பாய்ஞ்சது. 80 பேருக்கு மேல செத்தாங்க. வண்டிக்கும் ஜனங்களுக்கும் நடுவுல இருந்தது ஒரு மண்மேடு மட்டும்தான்.

14/
ரேஸை நிறுத்தலை. கேட்டா, நிறுத்தினா வீட்டுக்குப் போற கூட்டம் ரோட்டை அடைச்சு ஆம்புலன்ஸ் போக முடியாதுன்னு அமைப்பாளர்கள் காரணம் சொன்னாங்க. இதைக் கொடூரம்னு சொல்றவங்க உண்டு, சரின்னு சொல்றவங்களும் உண்டு. எனக்குத் தோணறது வேற. ஆம்புலன்ஸ் போக தனி வழி இல்லாத இடத்துல ரெண்டரை லட்சம் பேரோ இருநூறு பேரோ, கூட்டமே கூட்டியிருக்கக் கூடாது. அதுக்கு அப்புறம் சுவிட்சர்லாந்து தன் நாட்டுல சர்க்யூட் ரேஸையே தடை செஞ்சது.

15/
சாண்ட்வோர்ட், ஹாலந்து. 1973 ஜூலை 29. ரோஜர் வில்லியம்சன், ஃபார்முலா ஒன்ல அவருக்கு ரெண்டாவது ரேஸ். கார் கவிழ்ந்து தீப்பிடிச்சது. அவர் உள்ள உயிரோட இருக்கார். பின்னாடி வந்த டேவிட் பர்லி தன் காரை நிறுத்திட்டு ஓடினார். ஒத்தை ஆளா காரைத் திருப்பப் பார்த்தார், முடியலை. ஒரு தீயணைப்புக் கருவியைப் பிடுங்கி அடிச்சார், பத்தலை. பக்கத்துல இருந்த மார்ஷல்களுக்குத் தீயைத் தாங்கற உடை இல்லை, கிட்டப் போக முடியலை. மத்த கார்கள் எல்லாம் சுத்திக்கிட்டே இருந்துச்சு.

16/
வில்லியம்சன் மூச்சுத் திணறி இறந்தார். பர்லிக்கு ஜார்ஜ் மெடல் கொடுத்தாங்க. அன்னைக்குத் தேவைப்பட்டது பெரிய வைத்தியம் எதுவும் இல்லை. காரைத் திருப்ப நாலு பேரும், அவங்களுக்கு நல்ல உடையும். இருந்திருந்தா அவர் வீட்டுக்குப் போயிருப்பார். ஒரு மரணத்தைப் பார்த்து "இது நடக்கத் தேவையே இல்லை"ன்னு தோணறதுதான் எங்க தொழில்ல தூக்கத்தைக் கெடுக்கற விஷயம்.

17/
இப்போ எல்லாரும் காத்திருக்கற நோர்ட்ஷ்லைஃப. 1927-ல திறந்த டிராக். காட்டுக்கு நடுவுல 20 கிலோமீட்டருக்கு மேல. 1998-ல கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ், 2004-ல கிரான் டூரிஸ்மோ 4, அப்புறம் வந்த பல கேம்கள்னு எல்லாத்துலயும் இருக்கு. புது கேம் எதுலயாவது இது இல்லைன்னா சண்டையே நடக்கும்.

18/
1976 ஆகஸ்ட் 1. ரேஸுக்கு முன்னாடியே நிக்கி லௌடா சொன்னார்: இவ்வளவு நீள டிராக்குக்குப் போதுமான ஆள், வண்டி, மருத்துவம் எதுவும் கிடையாது, நாம ஓட்ட வேண்டாம். ஓட்டெடுப்பு நடந்தது. அவர் தோத்தார். எல்லாரும் ஓட்டினாங்க. ரெண்டாவது சுற்றுல அவர் கார்தான் மோதித் தீப்பிடிச்சது. இங்கயும் காப்பாத்தினது மத்த டிரைவர்கள்: மெர்சாரியோ, எட்வர்ட்ஸ், லங்கர், எர்ட்ல்.

19/
லௌடா முகத்துல தீக்காயத்தைப் பார்த்து எல்லாரும் பயந்தாங்க. டாக்டர்கள் பயந்தது நுரையீரலுக்கு. சூடான விஷப்புகையை உள்ள இழுத்திருந்தார். தீ விபத்துல யார் வந்தாலும் நாங்க முதல்ல பார்க்கறது தோலை இல்லை. மூக்கு முடி கருகியிருக்கா, குரல் கம்மியிருக்கா, எச்சில்ல கரி இருக்கா. மூச்சுக்குழாய் வீங்கி அடைச்சா நிமிஷத்துல ஆள் போயிடும். லௌடாவுக்குப் பாதிரியார் வந்து கடைசிச் சடங்குகூட செஞ்சாச்சு.

20/
ஆறு வாரத்துல, ஆறாத புண்ணோட மோன்ஸாவுக்கு வந்து ரேஸ் ஓட்டி நாலாவதா முடிச்சார். அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும், சினிமாவே வந்தாச்சு. அதைவிட எனக்கு முக்கியம் அந்த ஓட்டெடுப்பு. ஆபத்து இருக்குன்னு சொன்ன ஆள் தோத்து, அந்த ஆளே எரிஞ்சார். நோர்ட்ஷ்லைஃபல ஃபார்முலா ஒன் ரேஸ் அதோட நின்னது.

21/
மோன்ஸா, இத்தாலி, 1978 செப்டம்பர் 10. ரேஸ் கிளம்பின உடனே கும்பலா மோதல். ரோனி பீட்டர்சன் கார்ல தீ. ஜேம்ஸ் ஹன்ட்டும் சக டிரைவர்களும் இழுத்து வெளிய போட்டாங்க. நினைவோட இருந்தார், பேசினார். ரெண்டு காலும் நொறுங்கியிருந்துச்சு. ஆம்புலன்ஸ் வர வெகு நேரம் ஆச்சு. ஃபார்முலா ஒன் டாக்டரா அந்த வருஷம்தான் சேர்ந்த சிட் வாட்கின்ஸ் ஓடி வந்தா, போலீஸ் சங்கிலி போட்டு அவரையே தடுத்துச்சு.

22/
அடுத்த நாள் பீட்டர்சன் இறந்தார். காரணம் ஃபேட் எம்பாலிசம். பெரிய எலும்பு உடையும்போது உள்ள இருக்கற மஜ்ஜைக் கொழுப்பு துளித்துளியா ரத்தத்துல கலந்து நுரையீரல், மூளை, சிறுநீரகத்தை அடைக்கறது. தொடை எலும்பு முறிஞ்சு வர்ற பையன் நல்லாப் பேசிட்டு இருந்தாலும் நாங்க முதல் ரெண்டு மூணு நாள் கண்ணை எடுக்காமப் பார்க்கறது இதுக்காகத்தான். "கால்தானே உடைஞ்சிருக்கு, எதுக்கு ஐ.சி.யூ.?"ன்னு சண்டை போடற சொந்தக்காரங்களே, தயவுசெஞ்சு இந்த இடத்தைத் திரும்ப ஒரு தடவை படிங்க.

23/
வாட்கின்ஸ் லண்டன்ல நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர். மோன்ஸாவுக்கு அப்புறம் அவர் வெச்ச கோரிக்கைகள்: ஒரு மயக்க மருந்து டாக்டர் வேணும், டாக்டருக்குன்னு ஒரு வேகமான கார் வேணும், ஹெலிகாப்டர் வேணும். அதோட, ஒவ்வொரு ரேஸ்லயும் முதல் சுற்று முழுக்க அந்த மெடிக்கல் கார் ரேஸ் கார்களுக்குப் பின்னாடியே ஓடணும். காரணம் சிம்பிள். கார்கள் நெருக்கமா ஓடறது முதல் சுற்றுல, மோதல் வாய்ப்பு அதிகம். இந்த ஒரு விதியை ஞாபகம் வெச்சுக்குங்க, கடைசில திரும்ப வரும்.

24/
இமோலா, 1994. சனிக்கிழமை ரோலண்ட் ராட்ஸன்பெர்கர், ஞாயிறு அயர்ட்டன் சென்னா. சென்னா மோதின டாம்புரெல்லோ வளைவுல சுவர் ரொம்பப் பக்கம். பின்னாடி தள்ளலாம்னா சுவத்துக்குப் பின்னாடி ஆறு. இடம் இல்லாதப்ப வேகத்தைத்தான் குறைக்க முடியும். 1995-ல அங்க சிக்கேன் வந்துச்சு. பழைய கேம்ல இமோலாவை ஓட்டினவங்க இதைத்தான் "கெடுத்துட்டாங்க"ன்னு சொல்வாங்க.

25/
ராட்ஸன்பெர்கருக்கு மண்டை ஓட்டின் அடிப்பகுதி முறிவு. உடம்பை பெல்ட் பிடிச்சுக்கும், ஹெல்மெட்டோட தலை மட்டும் முன்னாடி வீசப்படும். அதைத் தடுக்கத்தான் ஹான்ஸ்ங்கற கழுத்துக் கருவி. செஞ்சவர் ராபர்ட் ஹப்பர்ட், உடல் இயக்கவியல் பேராசிரியர். 1980-கள்லேயே வந்துடுச்சு. ஃபார்முலா ஒன்ல கட்டாயம் ஆனது 2003-ல. தெரிஞ்ச மருந்து நோயாளிகிட்ட போய்ச் சேர எடுத்த நேரத்தைப் பாருங்க. ஹெல்மெட் விஷயத்துல நம்ம ஊரும் இப்படித்தான்.

26/
அடிலெய்ட், 1995. தகுதிச் சுற்றுல மிக்கா ஹாக்கினென் சுவத்துல மோதினார். மூச்சு இல்லை. டிராக் ஓரத்துலயே டாக்டர்கள் கழுத்துல துளை போட்டு மூச்சுவழி திறந்தாங்க. அடுத்த சீசன் முதல் ரேஸ்ல ஓட்டினார். 1998, 1999 ரெண்டு வருஷமும் உலக சாம்பியன். ஸ்டூவர்ட்டுக்கு ஸ்பேனர் கடன் வாங்கினதுல இருந்து இதுக்கு 29 வருஷம்.

27/
இப்போ அந்த முதல் சுற்று விதி. பஹ்ரைன், 2020 நவம்பர் 29. முதல் சுற்று. ரொமைன் குரோஜான் கார் தடுப்புக் கம்பியைக் கிழிச்சுட்டு ரெண்டா உடைஞ்சு தீப்பந்து ஆச்சு. ஏறக்குறைய 28 செகண்ட் தீக்குள்ள இருந்தார். தலையைக் காப்பாத்தினது 2018-ல கட்டாயமான ஹேலோ வளையம். அதையும் அழகைக் கெடுக்குதுன்னு திட்டினாங்க. அவர் தீயை விட்டு ஏறி வரும்போது கை கொடுக்க டாக்டர் இயன் ராபர்ட்ஸ் அங்கயே நின்னார். எப்படி அவ்வளவு சீக்கிரம்? மெடிக்கல் கார் பின்னாடியே வந்துட்டு இருந்துச்சு.

28/
1978-ல மோன்ஸா ரோட்டுல கிடந்த பீட்டர்சனுக்குக் கிடைக்காத டாக்டர், 42 வருஷம் கழிச்சு குரோஜானுக்குக் கிடைச்சார். வாட்கின்ஸ் 2012-லயே காலமாயிட்டார். அவர் பார்க்கலை. ஆனா அந்தக் காரை அங்க நிறுத்தினது அவர்தான்.

29/
ஆக, நல்ல டிராக்கை யார் கெடுத்தாங்க? பல இடத்துல பதில், ஒரு போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட். எல்லா மாற்றமும் புத்திசாலித்தனம்னு சொல்ல மாட்டேன். காசுக்காகவும் கேமரா கோணத்துக்காகவும் உயிரே இல்லாம வரைஞ்ச டிராக் நிறைய உண்டு. அதைத் திட்டுங்க, நானும் சேர்ந்து திட்டறேன். ஆனா ஒரு பழைய டிராக்ல திடீர்னு ஒரு சிக்கேன் வந்திருந்தா, அந்த வளைவோட பேரைப் போட்டு ஒரு தடவை தேடிப் பாருங்க.

30/
நம்ம ஊருக்கும் இதுல ஒரு வரி இருக்கு. 2024 ஆகஸ்ட் 31, சென்னை தீவுத்திடலைச் சுத்தி ஃபார்முலா 4 இரவு ரேஸ். மழை ஒரு பக்கம், எஃப்.ஐ.ஏ. பாதுகாப்புச் சான்று வர தாமதம் இன்னொரு பக்கம். ஜனங்க காத்திருந்து கடுப்பானாங்க. அந்தச் சான்றுல இருக்கற ஒவ்வொரு கேள்விக்கும் பின்னாடி மேல சொன்ன பேர்கள்ல ஒருத்தர் இருக்கார். அந்தக் காத்திருப்பு வீண் இல்லை.

31/
சரி, கேட்ட கணிப்பைச் சொல்லிடறேன். இன்றைய ஸ்பா, மோன்ஸா, சுசுகா, லெ மான், நோர்ட்ஷ்லைஃப: வரும்னு அடிச்சுச் சொல்லலாம். இமோலா: வாய்ப்பு அதிகம், சிக்கேனோட. பழைய ஸ்பா: கஷ்டம், வந்தா ரசிகர்கள் கட்டித் தர்றதா இருக்கும். இருங்காட்டுக்கோட்டை, சென்னை தெரு டிராக்: ஆசை மட்டும்.

32/
ஆனா எதுக்கு ஓட்டுப் போடுவேன்னு கேட்டா, நான் போடறதும் பழைய ஸ்பாவுக்குத்தான். சிரிக்காதீங்க. அந்த ரோட்டை யாரும் சாகாம முழு வேகத்துல ஓட்டிப் பார்க்க இருக்கற ஒரே இடம் கேம்தான். மஸ்டாவுல 250-ல போகும்போது வீட்டுச் சுவர் எவ்வளவு பக்கத்துல வருதுன்னு பார்த்தாத்தான் ஸ்டூவர்ட் ஏன் அவ்வளவு திட்டு வாங்கியும் விடலைன்னு புரியும். நூறு பாதுகாப்பு வகுப்பு எடுத்தாலும் அது வராது.

33/
இதை அவனுக்கு அனுப்பிட்டுத் தூங்கிட்டேன். எழுந்து பார்த்தா ஒரே ஒரு மெசேஜ்: "மாமா, அந்த மெடிக்கல் காரையும் கேம்ல ஓட்டக் குடுப்பாங்களா?"

தெரியலைடா. குடுத்தா முதல் ஆளா நான் வாங்கறேன். அதுவரைக்கும், பைக் எடுக்கறப்ப ஹெல்மெட் ஸ்ட்ராப்பை மாட்டிட்டுப் போ. நேத்து ராத்திரி வந்த ரெண்டு பசங்களோட ஹெல்மெட்டும் பெட்ரோல் டேங்க் மேலதான் இருந்துச்சாம்.